நாலாவது கீறலில் ஒரு வீடு

"வாங்க சார், வாங்கம்மா! ஒரு கண்ணை மூடுங்க, இன்னொரு கண்ணால பாருங்க. ரெண்டையும் மூடிக்கறதா இருந்தா வீட்டுலயே தூங்கியிருக்கலாம், இத்தனை வளைவு ஏறி வந்திருக்க வேண்டாம்!"

அந்தக் குரல் மலை உச்சியில் இருபத்தாறு வருஷமாகக் கேட்கிறது. சமவெளியிலிருந்து பஸ் பஸ்ஸாக மக்கள் வருகிறார்கள். வழியெல்லாம் வாந்தி எடுத்துக் களைத்து, புது ஸ்வெட்டரில் ஒட்டிய விலைச் சீட்டைக்கூடக் கிழிக்காமல், குழந்தைகளை இழுத்துக்கொண்டு காட்சிமுனையின் கம்பி வேலிக்கு ஓடி வருகிறார்கள். வேலி ஓரத்தில் மூன்று கால் தாங்கியின் மேல் ஒரு தொலைநோக்கி நிற்கிறது. அதன் பக்கத்தில், காதுவரை இழுத்துவிட்ட கம்பளிக் குல்லாயோடு அவர்.

ஊரில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. டெலஸ்கோப் என்றே கூப்பிடுவார்கள்.

"என்ன டெலஸ்கோப்பு, இன்னைக்கு அருவி இருக்கா?" என்று பஸ் டிரைவர்கள் கேட்பார்கள்.

"இருக்குப்பா. குளிச்சிட்டிருக்கு. அதான் திரையைப் போட்டு வச்சிருக்கு. ஒரு மணி நேரம் கழிச்சு வரச் சொல்லு" என்பார். பஸ்ஸில் இருப்பவர்கள் சிரிப்பார்கள். மூடுபனியைத் திட்டிக்கொண்டே வந்தவர்கள்கூடச் சிரித்துவிடுவார்கள்.

வாலிப வயதில் சாலை அளக்கும் ஆட்களோடு அளவைக் கருவியைத் தோளில் சுமந்து திரிந்தவர் அவர். எதிர்மலையில் ஊர்ந்து போகும் பஸ்ஸின் நம்பரை வெறுங்கண்ணால் படிப்பார் என்று அப்போதே பேச்சு. அந்தக் கண்ணுக்காகத்தான் காட்சிமுனையைக் குத்தகைக்கு எடுத்தவர் கூப்பிட்டு வேலை கொடுத்தார். மனுஷனுக்கு அதில் பெருமை கொஞ்சநஞ்சமல்ல. "எல்லாருக்கும் ரெண்டு கண்ணு. எனக்கு மூணு" என்று குழாயைத் தட்டிக் காட்டுவார்.

தொலைநோக்கியின் அடியில் ஒரு வட்டத் தகடு உண்டு. அதில் அவரே அரத்தால் கீறல்கள் போட்டு வைத்திருந்தார். கட்டைவிரல் நகம் முதல் கீறலில் விழுந்தால் குழாய் அருவியைப் பார்க்கும். இரண்டாவது கீறலில் அணை. மூன்றாவதில் ரயில் பாலம். நகத்தால் தடவி, குழாயைத் திருப்பி, "இந்தாங்க, பாருங்க" என்று நகர்ந்துகொள்வார். கண்ணை வைத்துப் பார்க்காமலே எப்படி இவ்வளவு கச்சிதமாகத் திருப்புகிறார் என்று வந்தவர்கள் வியந்து போவார்கள்.

கண்ணை வைத்துப் பார்த்து என்ன ஆகப்போகிறது? அவர் கண்ணுக்குத்தான் எதுவுமே தெரியாதே!

அது அந்த மலையில் ஒருவருக்கும் தெரியாது. கீழே டவுன் ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டருக்கு மட்டும் தெரியும். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவர்தான் சொன்னார். "கண்ணுக்குள்ள அழுத்தம் ஏறியிருக்குங்க. ஓரத்துல இருந்து இருட்டிக்கிட்டே வரும். போன பார்வை திரும்பாது. மிச்சத்தையாவது காப்பாத்தணும். அடுத்த தடவை வீட்டுல யாரையாவது கூட்டிட்டு வாங்க."

அடுத்த தடவை என்று ஒன்று வரவேயில்லை. சொட்டு மருந்துச் சீட்டை மடித்துத் தொலைநோக்கிப் பெட்டியின் அடியில் வைத்ததோடு சரி. இப்போது மிச்சம் இருப்பது, நேர் எதிரே, சாவித் துவாரம் அளவுக்கு ஒரு கலங்கல் வெளிச்சம். அதில் ஆள் வந்தால் நிழல் அசையும். ஆணா பெண்ணா என்பதைக் குரல் கேட்டுத்தான் தெரிந்துகொள்வார். வீட்டுக்கும் காட்சிமுனைக்கும் நடுவே உள்ள படிகளைக் கால் அறியும். பாதி வருஷம் பனி மூடிக் கிடக்கிற ஊரில் எல்லோருமே தடவித்தானே நடக்கிறார்கள்! ஒருவர் கூடுதலாகத் தடுமாறினால் யார் கவனிக்கப் போகிறார்கள்?

மனைவி மட்டும் எப்போதாவது திட்டுவாள். "எங்க பராக்குப் பார்த்துட்டு வர்றீங்க? வாளியில இடிக்கறதே வேலையாப் போச்சு."

"பல்பை மாத்து முதல்ல. குகை மாதிரி இருக்கு வீடு" என்று எதிர்த்துப் பாய்ந்துவிடுவார்.

அவளிடமாவது சொல்லியிருக்கலாமே என்று தோன்றும். அவளிடம்தான் சொல்ல முடியாது. ஏனென்றால் அந்தத் தகட்டில் நாலாவதாக ஒரு கீறல் இருந்தது.

அவர்களுக்கு ஒரே மகள். வீட்டில் பாப்பா என்று கூப்பிடுவார்கள். நாலு வருஷத்துக்கு முன்னால், அவர் பேசி முடித்து வைத்திருந்த இடத்தை உதறிவிட்டு, எதிர்மலைத் தேயிலைத் தோட்டத்து லாரி டிரைவரைக் கல்யாணம் செய்துகொண்டு வாசலில் வந்து நின்றாள். மாப்பிள்ளை வீட்டாருக்குக் கொடுத்த வார்த்தை போயிற்று என்று அவருக்கு ஆத்திரம் தலைக்கேறியது.

"நான் உயிரோட இருக்கற வரைக்கும் என் மூஞ்சில முழிக்காதே. எதிர்ல வந்தாலும் நீ யாரோ, நான் யாரோ!"

அவள் திரும்பிப் போனாள். அன்றைக்கே செல்போனில் இருந்த அவள் நம்பரை அழித்தார். அந்த வீட்டில் போன் என்று இருந்தது அது ஒன்றுதான். அதுவும் அவர் சட்டைப் பையில்தான் இருக்கும். மகளின் பேச்சை அவர் முன்னால் எடுக்க ஊரே பயந்தது. மனைவி வாய் திறக்கவில்லை. விடுதிகளுக்குத் தலையணை உறையும் திரைச்சீலையும் தைத்துக் கொடுப்பவள் அவள். தையல் மிஷினை மிதித்து மிதித்து முழங்கால் தேய்ந்துபோனதில் காட்சிமுனையின் நூற்றெண்பது படியை அவளால் ஏற முடியாது. மூன்று மாதம் அழுதழுது பார்த்தவள், ஒரு நாள் நூலைப் பல்லால் கடித்துக்கொண்டே கேட்டாள்.

"உங்க குழாய்ல அந்தத் தோட்டத்து வீடெல்லாம் தெரியுமா?"

"தெரிஞ்சா என்ன, தெரியாட்டி என்ன?"

"ஒண்ணுமில்ல. சும்மாத்தான் கேட்டேன்."

அன்று அவர் சாப்பிடாமல் படுத்தார். மறுநாள் காலை முதல் பஸ் வருவதற்குள் போய், குழாயைத் தொழிலாளர் குடியிருப்புப் பக்கம் திருப்பினார். வரிசையாக ஓட்டு வீடுகள். மூன்றாவது வீட்டுக்கு நீலக் கதவு. கதவு திறந்தது. கையில் துணி வாளியோடு பாப்பா வெளியே வந்தாள். இளைத்திருந்தாள். தாவணி போட்ட நாளிலிருந்து தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துத் துணி பிழிவாளே, அதே மாதிரி பிழிந்தாள். அவர் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்.

பிறகு அரத்தை எடுத்து நாலாவது கீறலைப் போட்டார்.

சாயங்காலம் கால் கழுவும்போது சுவரைப் பார்த்துச் சொன்னார். "துணி காயப் போட்டிருந்தா."

தையல் மிஷின் நின்றது. "என்ன கலர் புடவை?"

"மஞ்சள்."

அவ்வளவுதான் பேச்சு. ஆனால் அன்றிலிருந்து தினமும் அந்த நேரத்துக்கு மிஷின் நிற்கும். அவர் கால் கழுவியபடி ஏதாவது சொல்வார். பூச்செடி வைத்திருக்கிறாள். தலை குளித்திருக்கிறாள். புருஷன் விறகு பிளந்து கொடுத்தான். "பரவாயில்லையே, வேலை செய்யறானே" என்று மனைவி மெல்லச் சிரிப்பாள். நாள் முழுக்க அந்த ஒரு வாய்ச் சேதியை வைத்துக்கொண்டுதான் அவள் உயிர் வாழ்ந்தாள் என்று சொன்னால் மிகையில்லை.

வந்தவர்களுக்கு மட்டும் அந்த நாலாவது கீறலை அவர் காட்டியதில்லை. யாராவது தாங்களாகவே அந்தப் பக்கம் திருப்பிவிட்டால், அந்தக் கீறலில் மட்டும் தகடு சொடுக்கென்று ஒரு சத்தம் போடும். உடனே சொல்லிவிடுவார். "அது ஒண்ணுமில்லைங்க. யாரோ தோட்டத்துக் கூலிக்காரங்க. அங்க நமக்குத் தெரிஞ்சவங்க யாருமில்ல. இந்தப் பக்கம் திருப்புங்க, பாலத்துல ரயில் வரும்."

வீம்பு! தனியாக இருக்கும்போது அழுத மனுஷனுக்கு நாலு பேர் முன்னால் வீம்பு.

இருட்டு ஓரத்திலிருந்து வந்தது. முதலில் குடியிருப்பின் கடைசி வீடுகள் மறைந்தன. பிறகு முதல் வீடு. ஒரு நாள் காலையில் நீலக் கதவும் இல்லை. கண்ணாடியைத் துடைத்தார். கண்ணைத் துடைத்தார். திரும்பத் திரும்பத் துடைத்தார். முதல் பஸ் வந்து ஹாரன் அடிக்கும் வரைக்கும் துடைத்துக்கொண்டே இருந்தார்.

அன்று சாயங்காலமும் மிஷின் நின்றது.

"என்னங்க, இன்னைக்கு?"

அவர் கால் கழுவி முடித்தார். மறுபடி ஒரு தரம் கழுவினார். "துணி காயப் போட்டிருந்தா" என்றார்.

பொய் இவ்வளவு சுலபமாக வரும் என்று அவருக்கே தெரியாது. பச்சைப் புடவை என்பார், சிவப்பு என்பார். ஒரே புடவையை அடுத்தடுத்து இரண்டு நாள் சொல்லிவிடக் கூடாது என்று நினைவு வைத்துக்கொள்வார். இப்படியே ஒரு வருஷம் ஓடியது.

பிறகு அந்தக் குளிர்காலம் வந்தது. மனைவி முழங்கால் வீங்கிப் படுத்த படுக்கையானாள். சாப்பாடு வேண்டாம், மருந்து வேண்டாம், சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டால் போதும் என்றாகிவிட்டது. அவளை எழுப்பி உட்கார வைக்க எதைச் சொல்வது என்று தவித்தவர், வாயில் வந்ததைச் சொன்னார்.

"பாப்பா கொஞ்சம் உடம்பு வச்சிருக்கா."

அவள் சட்டென்று இந்தப் பக்கம் திரும்பினாள். "உடம்புன்னா? எங்க?"

"எங்கன்னா... இடுப்புலதான்."

"வயிறா?"

அவர் பேசாமல் இருந்தார். பேசாமல் இருந்ததே போதும். அவள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்தாள். "அட ஆம்பளையே! அதுக்குப் பேரு உடம்பு வச்சிருக்கறதா? நடக்கும்போது இடுப்புல கை வைக்கிறாளா?"

"...வைக்கிறா."

"மூணு மாசம் இருக்கும்" என்று விரல் விட்டு எண்ணினாள். பல நாள் கழித்து அன்று வயிறாரச் சாப்பிட்டாள்.

அந்த நிமிஷமே இல்லை என்று சொல்லியிருந்தால் தீர்ந்திருக்கும். நாளைக்குச் சொல்லலாம் என்று விட்டார். மறுநாள் வந்து பார்த்தால் அவள் மிஷினில் உட்கார்ந்திருந்தாள். விடுதித் துணியில் மிஞ்சிய மெல்லிய பருத்தித் துண்டுகளை வெட்டிக் கைக்குட்டை அளவில் சட்டை தைத்துக்கொண்டிருந்தாள். இல்லாத வயிறு அவர் வாயிலேயே மாதா மாதம் வளர்ந்தது. அஞ்சு மாசம், ஆறு மாசம் என்று அவளே சொல்வாள். அவர் ஆமாம் போடுவார். "மாடிப்படி கீடிப்படி இல்லையே அங்க?" என்பாள். "இல்ல, தரை வீடுதான்" என்பார். அது ஒன்றுதான் அவர் சொன்னதில் உண்மை.

ஒன்பதாவது மாதத்தில் அவள் ஒரு முடிவுக்கு வந்தாள். பையை எடுத்து வைத்தாள்.

"நாளைக்கு முதல் பஸ்ஸுக்குப் போறேன். உங்க வீம்பை நீங்களே கட்டிக்கிட்டு அழுங்க. பெத்தவ பக்கத்துல இல்லாம அவ பிள்ளை பெறணுமா? நீங்க பேச வேண்டாம். வாசல்ல நில்லுங்க போதும்."

"கால் வலிக்கும் உனக்கு. ரெண்டு மணி நேர பஸ்."

"நாலு வருஷமா வலிக்கறது காலா?"

காலையில் எழுந்ததும் வேலையைச் சாக்கு வைத்துக் காட்சிமுனைக்கு ஓடினார். இன்று ஒரு நாளாவது தள்ளிப்போடச் சொல்லி வந்திருந்தார். மத்தியானத்துக்குள் ஏதாவது வழி தோன்றாதா என்று பார்த்தார்.

பத்து மணிக்குப் புதிதாகக் கல்யாணம் ஆன ஜோடி ஒன்று வந்தது. வாய் ஓயாத பெண்.

"அருவின்னு சொன்னீங்க, அண்ணே, வெள்ளையா ஏதோ தெரியுது. அருவியா பனியா?"

"ரெண்டும் சொந்தக்காரங்கதான்மா. யாராயிருந்தா என்ன."

"போங்கண்ணே, ஏமாத்தறீங்க!" என்று சிரித்தவள் தானாகவே குழாயைத் திருப்பினாள். தகடு சொடுக்கென்றது. "ஐயோ, இங்க பாருங்களேன், பேய் வீடு மாதிரி இருக்கு!"

அவள் புருஷன், "எங்க, எங்க?" என்று குனிந்தான்.

"வரிசையா வீடு. ஓடெல்லாம் பிரிச்சுக் கிடக்கு. ஒரு ஆள் கூட இல்ல."

டெலஸ்கோப் அவள் குரல் வந்த பக்கம் திரும்பினார். "இல்லம்மா... நல்லாப் பாருங்க. மூணாவது வீடு. நீலக் கதவு."

"மூணாவது வீட்டுக்குக் கதவே இல்லண்ணே. உள்ள செடி முளைச்சிருக்கு."

அவர் கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டார். அந்தப் பெண், "என்னண்ணே, உடம்பு சரியில்லையா?" என்று கேட்டதும், யாரோ தண்ணீர் கொடுத்ததும் எங்கேயோ நடப்பதுபோல் இருந்தது. யாருமே இல்லாத வீட்டுக்கு இத்தனை நாள் அவர் வண்ணப் புடவை கட்டிவிட்டிருக்கிறார். அப்படியானால் என் குழந்தை எங்கே? இருக்கிறாளா, இல்லையா?

தொலைநோக்கியை அப்படியே போட்டுவிட்டு நூற்றெண்பது படி இறங்கினார். வாசலில் மனைவி பையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள்.

"வா, போகலாம்" என்றார்.

அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். மனம் இளகிவிட்டது என்றுதான் நினைத்துக்கொண்டாள் பாவம். எழுந்து அவர் சட்டைக் காலரைச் சரி செய்தாள்.

பஸ்ஸில் ஜன்னல் ஓரம் அவளுக்கு. ஒவ்வொரு வளைவிலும் அவர் சொல்ல நினைத்தார். "இந்தா பாரு" என்று ஆரம்பிப்பார். அவள் திரும்பி, "என்ன?" என்பாள். "காத்து வருது, ஜன்னலைச் சாத்து" என்பார். நாலு தடவை அப்படி ஆனது. நாலாவது தடவை அவள் சிரித்துவிட்டாள். "ஏற்கெனவே சாத்தித்தான் இருக்கு. பேத்தியா பேரனான்னு பதற்றமா?"

அவர் இரண்டு கையையும் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு தலை குனிந்து உட்கார்ந்தார்.

பஸ் நிறுத்தத்திலிருந்து குடியிருப்புக்குக் கீழே இறங்க வேண்டும். அவர் கையை அவள் பிடித்திருந்தாள். தன் முழங்காலுக்காகப் பிடித்திருப்பதாக அவள் நினைத்தாள். திருப்பத்தில் அவள் நின்றுவிட்டாள்.

"என்னங்க இது?"

அவருக்கு என்ன என்று தெரியாது. ஈரமண் வாசனையும் பெயர்ந்த சுவரின் சுண்ணாம்பு வாசனையும் மட்டும் வந்தன.

"என்னங்க, வீடெல்லாம் இடிஞ்சு கிடக்கு! நேத்துக்கூடப் பார்த்ததாச் சொன்னீங்களே!"

உடைந்த ஓடுகளைப் பொறுக்கிக் கூடையில் போட்டுக்கொண்டிருந்த ஒரு பெண் நிமிர்ந்தாள். தோட்டத்தில் கொழுந்து பறிப்பவள். யாரைத் தேடுகிறார்கள் என்று கேட்டாள். மனைவி மூன்றாவது வீட்டைக் காட்டி, லாரி டிரைவர் வீடு, அந்தப் பெண்ணின் அம்மா நான் என்றாள்.

"அக்கா, நீங்களா?" கூடையை இறக்கி வைத்தாள். "போன மழையில மலையில விரிசல் விட்டுச்சுக்கா. எப்ப வேணும்னாலும் சரியும்னு எல்லாரையும் காலி பண்ணச் சொல்லிட்டாங்க. அவங்க போய்ப் பத்து மாசம் ஆச்சே! அவருக்குக் கீழ சமவெளியில லாரிக் கம்பெனியில வேலை. உங்களுக்குத் தெரியாதா?"

"பத்து மாசமா?" மனைவி அந்தப் பெண்ணின் கையைப் பிடித்தாள். "அவ... முழுகாம இருக்காளே. ஒன்பது மாசம்."

அந்தப் பெண் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "அப்படி ஒண்ணும் இல்லையேக்கா. போன வாரம்கூடப் போன்ல பேசினேனே. இருந்தா சொல்லாம இருப்பாளா?"

மனைவி அவர் பக்கம் திரும்பினாள். அது மட்டும் அந்தச் சாவித் துவார வெளிச்சத்தில் நிழலாகத் தெரிந்தது.

"நீங்க பார்த்தீங்களே. தினமும் பார்த்தீங்களே."

"எனக்குக் கண்ணு தெரியாது" என்றார் அவர்.

சொல்லிவிட்டார்! இரண்டு வருஷமாக நெஞ்சில் அடைத்துக் கிடந்தது, இவ்வளவு சின்ன வார்த்தையாக வெளியே வந்து விழுந்தது.

"என்ன சொல்றீங்க?"

"ரெண்டு வருஷமாப் போயிட்டே இருந்துச்சு. இப்ப சுத்தமாத் தெரியாது. நீ சாப்பிடாம கிடந்தே... வாயில வந்ததைச் சொல்லிட்டேன்."

மனைவி கத்தவில்லை. அவர் முகத்துக்குப் பக்கத்தில் கையைக் கொண்டுவந்து அசைத்துப் பார்த்தாள். அவர் கண் இமைக்கவில்லை. அதன் பிறகுதான் அவள் அங்கே கிடந்த கல்லில் உட்கார்ந்தாள். பையை மடியிலிருந்து தரையில் இறக்கி வைத்தாள்.

அந்தப் பெண் வாயில் கை வைத்தபடி நின்றிருந்தாள். "அப்ப... அன்னைக்கு உங்களுக்கு நிஜமாவே தெரியலையாண்ணே?"

"என்னைக்கு?"

"வேண்டாம்ணே. விடுங்க."

"என்னைக்கும்மா? சொல்லு."

அவள் தயங்கித் தயங்கிச் சொன்னாள். "ஊரை விட்டுப் போறதுக்கு முதல் நாள் உங்க பொண்ணு உங்களைப் பார்க்க மேல வந்தா. கால்ல விழுந்து சொல்லிட்டுப் போயிடறேன், அடிச்சாலும் பரவாயில்லைன்னு என்கிட்ட சொல்லிட்டுத்தான் வந்தா. உங்க முன்னாடி வந்து நின்னாளாம். வாய் வரலையாம். நீங்க அவளைப் பார்த்து, வாங்க வாங்க, தனியா வந்திருக்கீங்களா, ஒரு கண்ணை மூடிட்டுப் பாருங்கன்னு சொன்னீங்களாம். வெளியாளுக்குச் சொல்ற மாதிரி."

"நானா?" என்றார் அவர்.

"கோபத்துல விளையாடறார்னு நினைச்சாளாம். குழாயில கண்ணை வச்சு இந்த வீட்டுப் பக்கம் திருப்பினாளாம். இப்பவாவது ஏதாவது கேப்பாருன்னு. நீங்க, அது யாரோ கூலிக்காரங்க, அங்க நமக்குத் தெரிஞ்சவங்க யாருமில்லைன்னு சொல்லிட்டீங்களாம். அவ்வளவுதான். அம்மா வீட்டுப் பக்கம்கூடப் போகாம வந்து என் மடியில படுத்து அழுதா பாருங்க... வேண்டாம்ணே, அதை எப்படிச் சொல்றது. எதிர்ல வந்தாலும் நீ யாரோன்னு சொன்னாரு, சொன்ன மாதிரியே செஞ்சுட்டாருன்னு சொல்லிச் சொல்லி அழுதா."

எத்தனையோ பேருக்கு எத்தனையோ தடவை சொன்ன வார்த்தை. எந்த நாளில், எந்த மணியில் அதைத் தன் மகளிடம் சொன்னோம் என்றுகூட அவருக்கு நினைவில்லை. வெயிலா, பனியா? என்ன புடவை கட்டியிருந்தாள்? ஒன்றுமே தெரியாது. கையெட்டும் தூரத்தில் நின்றிருக்கிறாள். கையை நீட்டியிருந்தால் தொட்டிருக்கலாம்.

அந்தப் பெண் ஒரு துண்டுக் காகிதத்தில் நம்பர் எழுதிக் கொடுத்தாள். அந்தப் பள்ளத்தில் போன் எடுக்காது, மேலே பஸ் நிறுத்தத்துக்குப் போனால்தான் எடுக்கும் என்றாள். மனைவி முன்னால் நடந்தாள். முழங்காலைப் பிடித்துப் பிடித்து ஏறினாள். ஆனாலும் பின்னால் கை நீட்டி அவர் கையைப் பிடித்துக்கொண்டேதான் ஏறினாள்.

மேலே வந்ததும் அவர் சட்டைப் பையில் கை விட்டுப் போனை எடுத்தாள். காகிதத்தைப் பார்த்து நம்பரை அழுத்தி, அவர் காதில் வைத்தாள்.

"நீங்களே பேசுங்க."

மணி அடித்தது. எடுத்தாள். "ஹலோ, யாருங்க?"

நாலு வருஷம் கழித்து அந்தக் குரல்!

"பாப்பா."

மறுமுனையில் மூச்சு மட்டும் கேட்டது.

"பாப்பா, அப்பா பேசறேன்மா. எனக்குக் கண்ணு தெரியாதும்மா. அன்னைக்கு நீ வந்தது எனக்குத் தெரியாது. வந்தவங்க யாரோன்னு நினைச்சுட்டேன். ரெண்டு வருஷமாவே தெரியாதும்மா எனக்கு."

பின்னணியில் ஒரு லாரி பின்னால் நகரும் சத்தம் கேட்டு ஓய்ந்தது.

"எந்தக் கண்ணு?" என்றாள்.

"ரெண்டும்."

அவள் அழுகிறாள் என்று தெரிந்தது. அவரும் அழுதார். அழுது முடித்து மூக்கை உறிஞ்சியவள் கேட்டாள். சண்டைக்காகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் கேட்டாள்.

"கண்ணு தெரிஞ்சிருந்தா மட்டும் பேசியிருப்பீங்களாப்பா?"

ஆமாம் என்று சொல்லிவிடலாம். ஒரு வார்த்தை. பச்சை, மஞ்சள், சிவப்பு என்று எவ்வளவோ சொன்ன வாய்தானே! சொன்னால் மகள் ஓடி வருவாள். கண் தெரியாத அப்பா என்று எல்லாவற்றையும் மன்னிப்பாள். பக்கத்தில் மனைவி மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பது அவருக்குத் தெரிந்தது.

"பேசியிருக்க மாட்டேன்மா" என்றார். "தெரியாத மாதிரிதான் நின்னிருப்பேன். நீ படி இறங்கிப் போனப்புறம் அழுதிருப்பேன். அவ்வளவு வீம்பு எனக்கு அப்ப."

"சரி" என்றாள் கடைசியில். அந்தச் சரிக்கு என்ன அர்த்தம் என்று அவருக்கு விளங்கவில்லை. "அம்மா இருக்காங்களா? அம்மாகிட்ட குடுங்க."

"நீ எப்ப வருவே?"

"அம்மாகிட்ட குடுங்கப்பா."

கொடுத்தார். மனைவி போனை இரண்டு கையாலும் வாங்கினாள். "ஏன்டி" என்று ஒரு வார்த்தைதான் அவர் காதில் விழுந்தது. அதற்குள் அவள் நகர்ந்துவிட்டாள். நாலு வருஷமாக அவர் வாய் வழியாகவே மகளைக் கேட்டவள், இப்போது அவருக்கு எட்டாத தூரத்துக்குப் போய் நின்று பேசினாள். அவர் காதைத் தீட்டிக் கேட்டுப் பார்த்தார். காற்றில் ஒன்றும் புரியவில்லை. அழுகிறாளா, சிரிக்கிறாளா என்றுகூடத் தெரியவில்லை. பஸ் நிறுத்தத்தின் இரும்புத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். லேசாகத் தூறல் போட்டது.

கீழிருந்து பஸ் முனகிக்கொண்டே ஏறி வந்து நின்றது. உள்ளே ஊர் சுற்றிப் பார்க்க வந்தவர்களின் பாட்டும் கைதட்டலும்.

"என்ன டெலஸ்கோப்பு, நீங்க இங்க?" டிரைவர் எட்டிப் பார்த்தார். "ஏறுங்க, இதை விட்டா ரெண்டு மணி நேரம் ஆகும்."

"இல்லப்பா. நீ போ."

"மழை வருதுங்க. ஏன், யாருக்காகக் காத்திருக்கீங்க?"

"வீட்டுல பேசிட்டிருக்காங்க" என்றார் அவர். "பேசி முடிக்கட்டும்."

பஸ் போனது. பாட்டுச் சத்தம் இரண்டு வளைவு வரைக்கும் கேட்டது. பிறகு அதுவும் கேட்கவில்லை. மனைவி எந்தப் பக்கம் நிற்கிறாள் என்று தெரியாமல், தூணை விடாமல், நனைந்துகொண்டே நின்றார்.